தேங்காய் போடாத ரொட்டி

கலஹா,
வெள்ளிக்கிழமை.

கட்டாரில் இருக்கும் மகன் சுரேசுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி லோஜினி எழுதுகிறாள். நலமா என்று கேட்கும் மனதில் நான் இல்லை. நலமாகத்தான் இருப்பாய், ஆஸ்பத்திரியில் கிடந்தது நீ இல்லையே. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்; இவள் இதைப் படம் பிடித்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்பிவிடுவாள். நான் சொல்லும் சில வார்த்தைகளை எழுதமாட்டேன் என்கிறாள் இவள். அதையெல்லாம் நீயே நினைத்துக்கொள்.

நீ விமானம் ஏறிய மறுநாள் உன் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. காலிரண்டும் வீங்கிவிட்டன. ஆட்டோ பிடித்துக் கண்டிக்குக் கொண்டுபோனோம். "அவன்கிட்ட சொல்லாதீங்க, பயந்துருவான்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். அதனால் சொல்கிறேன்.

இதயம் பலவீனம், உப்பு ஆகாது, தேங்காயைக் குறைக்கவேண்டும் என்று கிளினிக் டாக்டர் பொங்கலுக்கு முன்பே சொல்லியிருந்தார். ரொட்டி இல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது. மலையில் ரொட்டியும் சம்பலும் தின்று கொழுந்து பறித்த உடம்பு. அதனால் நானே அடுப்படியில் இறங்கினேன். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய கையால் குரக்கன் மா பிசைந்தேன். தேங்காய் இல்லாமல் மா கூடவில்லை, சட்டியில் போட்டதும் வெடித்தது. "இத வச்சி கூரை ஓட்டைய அடைக்கலாம்" என்றாள். வத்தாளைக் கிழங்கை அவித்து மசித்து, வெந்நீர் விட்டுப் பிசைந்த பிறகுதான் மெதுவாக வந்தது. வாசத்துக்கு மட்டும் ஒரு சிட்டிகைத் தேங்காய். சம்பலுக்கு உப்பில்லை, தேசிக்காய்ப் புளி. நக்கலடித்தவளே இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள்.

அந்த ரொட்டியைத்தான் லீவில் வந்த நீ பிய்த்துப் பார்த்துவிட்டு, வாசலில் நின்று லயத்து வீடுகளெல்லாம் கேட்கக் கத்தினாய். "நான் அனுப்புற காசுல ஒரு தேங்கா வாங்க மனசு வரலயா? அம்மாவப் பட்டினி போடுறீங்களா?" டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். "டாக்டர் பேரச் சொல்லி மிச்சம் புடிக்காதீங்க" என்று அடக்கினாய். பக்கத்து வீட்டு ரத்தினம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

தேங்காய் இல்லாத ரொட்டி என்றால் இல்லாதவன் வீட்டு ரொட்டி. அது எனக்கா தெரியாது? எழுபத்து நாலில் தோட்டத்தில் மாவே கிடைக்காமல், கீரையை அவித்துக் குடித்துக் கிடந்தோம். உன் பெரியக்காவுக்குக் கொடுக்க அம்மாவிடம் பாலில்லை. அவளை ஒரு கையில் தூக்கிக்கொண்டு போனேன், அவ்வளவுதான் கனம். நான்தான் புதைத்தேன். அந்த என்னைப் பார்த்தா பட்டினி போடுகிறீர்களா என்று கேட்டாய்?

நீ ஒரு சாக்குத் தேங்காய் வாங்கி வந்தாய். உன் கையாலேயே ரொட்டி சுட்டு, கருவாட்டுச் சம்பல் இடித்து அவளுக்கு ஊட்டினாய். நீ போகும்வரை அதுதான் சாப்பாடு. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மகன் ஊட்டும்போது எவள் சொல்லுவாள்?

இப்போது நான் சுடுவதை அவள் தொடுவதேயில்லை. "எம் புள்ள சுட்ட மாதிரி சுடுங்க, இல்லாட்டி வேணாம்" என்று தட்டைத் தள்ளிவிட்டு, வெறும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். லோஜினி அழுதும் பார்த்துவிட்டாள். இன்னொரு தடவை உடம்பில் தண்ணீர் கோத்தால் தங்களால் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என்னிடம் நீ மன்னிப்புக் கேட்கவேண்டாம். கேட்டாலும் கொடுக்கிற மாதிரி நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் எடுத்து அம்மாவிடம் கொடுக்கச் சொல். அப்பா சுடுகிற ரொட்டிதான் நல்லது, அதைச் சாப்பிடுங்கள் என்று உன் வாயால் சொல். இத்தனை வருசம் கூட வாழ்ந்தவன் சொல்லிக் கேட்கமாட்டாள், நீ சொன்னால் கேட்பாள். ரொட்டியைச் சுட்டு வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருப்பேன்.

வெயிலில் நிற்கிறாய், தலையில் துணி கட்டிக்கொள். முருகன் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே, ராசா.

இப்படிக்கு,
உன் அப்பா
லெட்சுமணன்