ஊற்றா, ஓடையா

கான்ஸ்டாண்டிநோபிளில் பேரரசரின் காவற்படையில் இருக்கும் என் கணவர் ஆர்ட்கார் அவர்களுக்கு, சோமர்செட்டிலிருந்து லெவ்ரூன் எழுதுவது. நானும் மகளும் சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன். பதினான்கு வருடமாக நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். ஜெருசலேமுக்கு யாத்திரை போகிற துறவி ஒருவர் இதை உங்களிடம் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நம் நாட்டைப் பிடித்த நார்மன்காரனுக்குக் குனிய மாட்டேன் என்று கப்பலேறினீர்கள். நம் மகள் மில்த்ரித்தின் வாயில் அவர்கள் பாஷை வரக்கூடாது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். வந்துவிட்டது. தூரோல் பிரபுவின் வீட்டுக்குப் பூத்தையல் வேலைக்குப் போனவள், அங்கேயே கற்றுக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. கோபப்படுவதற்கு முன் மேலே படியுங்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை எனக்குப் பரிசமாக நீங்கள் எழுதிக் கொடுத்த புல்வெளியைத் தூரோல் தன்னுடையது என்று வழக்குப் போட்டார். அது போனால் மாட்டுக்குத் தீனி இல்லை, மாடு இல்லாமல் உழவு இல்லை. பத்திரத்தை எடுத்துக்கொண்டு மகளோடு ஊர்ச் சபைக்குப் போனேன்.

தூரோலின் எழுத்தர் லத்தீன் கரைத்துக் குடித்தவர். நம் பாஷைப் பத்திரத்தைத் தட்டுத் தடுமாறிப் படித்தார். "முள்மரத்திலிருந்து பில்லெ வரைக்கும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வில்லெ என்றால் மேட்டிலிருக்கும் ஊற்று. பில்லெ என்றால் கடல்நீர் ஏறுகிற ஓடை. எல்லை ஓடையோடு நின்றால் ஓடைக்கும் ஊற்றுக்கும் நடுவே கிடக்கும் புல்வெளி முழுதும் தூரோலுக்கு. நம் 'வ' எழுத்து அவர்கள் 'ப' போலவே இருக்கும் அல்லவா, மனிதர் அதில் விழுந்துவிட்டார். சின்ன வயதில் கன்னிமடத்தில் எழுத்துப் படித்தவள் நான், ஆனால் அதைச் சொல்லப் பாஷை இல்லை. மகள் காதில் போட்டேன்.

அவள் எழுந்தாள். சபையே திரும்பிப் பார்த்தது. அவர்கள் பாஷையிலேயே, கீழே சாட்சி போட்டவர் பெயரையும் கொஞ்சம் படிக்கச் சொன்னாள். அவர் உரக்கப் படித்தார்: "புல்ஃப்நோத்."

அந்தச் சாட்சி போட்ட நம் வுல்ஃப்நோத் கிழவர் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். பல் போனாலும் வாய் போகவில்லை. "யாருடா அவன் புல்ஃப்நோத்? எங்கப்பன் வச்ச பேர மாத்த நீ யாருடா, மொட்டைத்தலையா!" என்று தடியை ஊன்றி எழுந்துவிட்டார். மில்த்ரித் முகம் மாறாமல், பெரியவர் தம் பெயர் வுல்ஃப்நோத் என்று பணிவோடு தெரிவிக்கிறார் என மொழிபெயர்த்தாள். நம்மவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எதற்கென்று புரியாமல் தூரோலும் சிரித்தார். எழுத்தர் மட்டும் பத்திரத்தைக் கண்ணருகே கொண்டுபோய், அந்த எழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நேர்மையான ஆள்தான். தப்பு தன்னுடையது, எல்லை ஊற்றுவரை என்று எல்லார் முன்னும் ஒத்துக்கொண்டார்.

அப்போது எனக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது. உங்கள் மகள் யாருக்கும் குனியவில்லை. நிமிர்ந்து நின்று அவர்கள் பாஷையில் நம் எழுத்தைக் காப்பாற்றினாள்.

இனிக் குழப்பம் வராமல் லத்தீனில் புதிதாக எழுதிவிடலாம் என்று எழுத்தர் இறகை எடுத்தார். யார் பெயரில் என்று கேட்டார். மில்த்ரித் என்னைப் பார்த்தாள். நார்மன் அரசருக்குப் பணியாமல் கடல் தாண்டிய உங்கள் பெயரைச் சொன்னால் அந்த இடத்திலேயே நிலம் பறிபோகும். ஆனால் என் பெயரை நான் சொன்னது அந்தப் பயத்தினால் மட்டும் அல்ல. "எம்பேர எழுதச் சொல்லுடி. அது என்னிக்கோ எனக்குன்னு குடுத்தது" என்றேன். லெவ்ரூன் என்று எழுதினார். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

நீங்கள் கொடுத்ததைக் காப்பாற்றிவிட்டேன், ஆர்ட்கார். வாருங்கள் என்று கெஞ்சி எழுத எனக்கு வராது. வருகிற கோடையில் புல் இடுப்பளவு நிற்கும். அறுக்க ஒரு ஆள் குறைகிறது. ஆண்டவர் உங்களுக்கு நல்ல காற்றைக் கொடுக்கட்டும்.

உங்கள்
லெவ்ரூன்