செல்விக்கும் அந்த வலி

12-2-2014, புதன் இரவு

பித்தப்பையை எடுத்துப் பதினைந்து நாள் ஆகிறது. வளவனூரிலிருந்து தங்கை செல்வி பார்க்க வந்தாள். ஆஸ்பத்திரியில் டப்பியில் போட்டுக் கொடுத்த, வேர்க்கடலை அளவுக் கற்களை, எல்லோருக்கும் காட்டுவது போல அவளுக்கும் காட்டினேன்.

"மல்லாட்டை சைசுல விளைஞ்சிருக்குதுடி. ஒண்ணு எடுத்து மூக்குத்தி பண்ணிக்க" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "எண்ணெய்ப் பலகாரம் துன்னா வலது விலாவுல குத்துமாக்கா? முதுகு வரைக்கும் போவுமா?"

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"ஆறு மாசமா எனக்கும் அப்டித்தான். கரும்பு வெட்டு முடியட்டும்னு பல்லைக் கடிச்சிக்கினு இருக்கேன். அவருகிட்ட சொல்லிடாதக்கா."

நானும் மகள் கல்யாணம் முடியட்டும் என்றுதான் இருந்தேன். காமாலையில் கொண்டுபோய் விட்டது. அவளை பஸ் ஏற விடவில்லை. நாளைக் காலையில் விழுப்புரத்தில் ஸ்கேன். அவள் வீட்டுக்காரருக்கு போன் செய்து, எனக்கு முடியவில்லை, துணைக்கு இருக்கட்டும் என்று பொய் சொன்னேன்.

பக்கத்தில் தூங்குகிறாள். தூக்கத்திலும் கை விலாவைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது.