மொட்டைமாடியில் கோழிக்குடல்

அன்பு மகள் அபிகாயிலுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், என் மூக்கைத் தவிர. நார்வே குளிரில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நம் மொட்டைமாடி எப்படி நாறிப்போனது தெரியுமா, சீச்சீ! உன் ஆராய்ச்சிக்காக வலசை போகிற பருந்துகளை எண்ணுகிறேன் என்று அக்டோபர் பிறந்ததும் அப்பா மாடியில் போய் உட்கார்ந்துவிடுகிறார் அல்லவா, இந்த வருஷம் மழை விட்டபாடில்லை, நம் மல்காஜ்கிரி வானத்தில் ஒன்றும் கடக்கவில்லை. போன சனிக்கிழமை கொஞ்சம் வெயில் அடித்ததில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன். ஒரு வாளி நிறையக் கோழிக்குடலும் தோலும், ஈ மொய்க்கிறது. இவர் கையாலேயே அள்ளித் தண்ணீர்த் தொட்டி மேல் வீசுகிறார், ஊர்ப் பருந்தெல்லாம் பாய்ந்து பிடுங்குகிறது, இவர் மறு கையில் பேனா! கோயிலுக்குக் கட்ட வைத்திருந்த என் வெள்ளைச் சேலையில் ஒரு குடல் துண்டு தொங்குகிறது. என்ன கண்றாவி இது என்றேன். பருந்துதான மெட்டில்டா, கண்ணால பாத்தததான எழுதுதேன், பொய்யா எழுதுதேன் என்கிறார்.

இங்கேயே வட்டமடிக்கிற ஊர்ப் பருந்தை விட்டுவிட்டுத் தெற்கே கடந்து போவதை மட்டும் எண்ணுங்கள் என்று நீ தலைபாடாய் அடித்துக்கொண்டது அவருக்கு மறக்கவில்லை. ஆனால் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த காலமெல்லாம் 'நில்', ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் கொடுப்பதைக் கேவலமாக நினைத்த மனுஷர். நேற்று கீழ் வீட்டு ஹர்ஷாவின் மகள் கையிலிருந்த ரொட்டியை ஒரு பருந்து பறித்துக்கொண்டு போனது, பிள்ளை விரலில் ரத்தக் கீறல். ஊசி போட்டுக் கூட்டி வந்த ஹர்ஷா, ஆன்ட்டி, அங்கிளுக்கு ஏன் இந்த வேலை, நக்கோ, வேணாம் சொல்லுங்க என்று வாசலில் நின்று கேட்கிறான். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்ள?

அதற்குப் பிறகுதான் அப்பா காரணத்தைச் சொன்னார். கையை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, ஒண்ணும் வரலன்னா நம்ம புள்ள 'சரிப்பா'ன்னு போன வச்சிருதா, பறவ வந்தாத்தான் பேசுதா என்றார். வாளி நாற்றத்தைக்கூட பினாயில் ஊற்றிப் போக்கிவிட்டேன், இதைக் கேட்டபோது உன்மேல் வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை. பெற்றவள் இப்படி எழுதக்கூடாதுதான், எழுதிவிட்டேன்.

இந்த மாதம் அவர் அனுப்பின கணக்கு அத்தனையும் கோழிக்குடலுக்கு வந்த கூட்டம், உன் ஆராய்ச்சியில் சேர்த்துவிடாதே. அதை அவரிடம் கேட்டு அவமானப்படுத்தாதே. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், வெறும் ரொட்டியைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஆண்டவர் உன்னை ஒரு குறையுமில்லாமல் நடத்தட்டும். சனிக்கிழமை மறக்காமல் கூப்பிடு. ஒண்ணும் வரலம்மா என்று அப்பா சொல்வார், அதற்குப் பிறகும் போனை வைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
மெட்டில்டா தனசிங்