கயிறு பிடித்த மச்சானுக்கு

போன வாரம் பேரப்பிள்ளைகள் என்னைக் குற்றாலம் பக்கம் ஒரு விளையாட்டுப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குக் கம்பியில் தொங்கிக்கொண்டே போகவேண்டுமாம். என் இடுப்பில் வாரை மாட்டிவிட்டு, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஓர் இளைஞன் நின்றான். என் வாய் சும்மா இருக்குமா? "தம்பி, ஒனக்கு அக்கா தங்கச்சி யாரும் உண்டா?" என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! பேத்தி "தாத்தா!" என்று கத்தினாள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். நீ இருந்திருந்தால் தரையில் உட்கார்ந்து சிரித்திருப்பாய், மச்சான். அங்கே அந்தச் சிரிப்பில் பங்குக்கு ஆளில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

எழுபதுகளில், புதுத் துறைமுகத்தில் வேலை மும்முரமாக நடந்த சமயம் நான் தூத்துக்குடிக்கு வந்தேன். தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளைகிற ஊர்க்காரன்; துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. மாதா கோயில் தெருவில் ஓர் அறை கிடைத்தது. தெருவே கடல்காரர்கள் தெரு. டீக்கடையில் நான் சார். சலூனில் சார். என் வயதுப் பையன்கள் கோயில் சுவரில் உட்கார்ந்து "ஏலே", "மக்கா" என்று ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நான் பக்கத்தில் போனால் போதும், மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு எழுந்து நிற்பார்கள். "வாங்க சார்." அதோடு பேச்சு செத்துப்போகும். மரியாதை கொடுத்தே ஒரு மனிதனைத் தள்ளிவைக்க முடியும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். வேலையும் வேண்டாம், கடலும் வேண்டாம், ஊருக்குப் போய் அப்பாவோடு வயலில் இறங்கிவிடலாம் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்போதுதான் நீ கதவைத் தட்டினாய். ஐஸ் கம்பெனி வேலை முடிந்து வந்த ஈரக் கைலியோடு நின்றாய்.

"சார், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பயலுவ எல்லாம் கடல்ல முங்கப் போறோம். வாரியளா?"

"நான் உங்க கோயில் ஆளு இல்லையே?"

"அத மீனு கேக்கவா போவுது?"

அது சின்னச் சாமியின் ஏற்பாடு. கோயிலுக்குப் புதிதாக வந்த உதவிப் பங்குத்தந்தையை எல்லாரும் சின்னச் சாமி என்றுதான் சொல்வீர்கள். இளைஞர் மன்றத்தில் சம்மாட்டி வீட்டுப் பையன்கள், அதாவது படகு வைத்திருக்கும் முதலாளிகளின் பிள்ளைகள், ஒரு பக்க பெஞ்சில். கூலிக்குச் சங்கு குளிக்கிறவர்களின் பிள்ளைகள் எதிர்ப் பக்கத்தில். நடுவில் நின்று சகோதர அன்பைப் பற்றிப் பேசிப் பேசி அவருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில் மன்றத்துக் கதவைப் பூட்டிவிட்டு, ஞாயிறுதோறும் எல்லாரையும் ஒரே வள்ளத்தில் ஏற்றிவிட்டார். கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்க வேண்டும், அடியில் ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. முத்துக்குளிப்பு நின்று வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அந்தத் தெருவில் மண் எடுத்தவன்தான் ஆள்.

மாசி மாதம். கடல் தெளிந்து கிடந்தது. வள்ளத்தை நடத்திய தண்டல் அண்ணாச்சி, கயிறுகளைப் பிரித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாரும் முங்குதாராக்கும்? கயித்த யாரு பிடிப்பா?"

எனக்கு என்ன தெரியும்? உன்னைக் காட்டி, "இவரே பிடிக்கட்டுமே" என்றேன்.

வள்ளத்தில் கிளம்பியது பார், ஒரு கூச்சல்! "ஏலே, சார் பொண்ணு கேக்காருலே!" என்று ஒருவன் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தான். சின்னச் சாமி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். நான் முழித்தேன்.

தண்டல்தான் விளக்கினார். கடலில் முங்குகிறவனின் உயிர் மேலே கயிறு பிடிக்கிறவன் கையில். அதனால் கயிற்றை அண்ணன் தம்பியிடம் கொடுக்க மாட்டார்கள். இவன் போனால் அவனுக்குச் சொத்தில் பங்கு கூடும். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் என்றால் தங்கச்சி தாலியை நினைத்தாவது இழுத்துவிடுவான். கயிறு பிடிக்கிறவன் மச்சானாகத்தான் இருக்கவேண்டும்.

"அதெல்லாம் அந்தக் காலம், அண்ணாச்சி. யாரும் யாருக்கும் பிடிக்கலாமே" என்று சின்னச் சாமி மெல்லச் சொன்னார்.

"சாமி, பூசை உங்க பாடு. கயிறு என் பாடு."

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நீ வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை. உனக்கு அக்காளும் இல்லை, தங்கையும் இல்லை. அதனால் எவனும் உன் கையில் கயிறு கொடுத்ததில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வள்ளத்தில் தேங்கிய தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டு ஓரமாக இருந்திருக்கிறாய். சொந்தத் தெருவிலேயே நீயும் என்னைப் போலத்தான்.

"ஏலே, ஒனக்குத்தான் கூடப்பிறந்தவளே கெடையாதே. சார் மேல வரலன்னா ஒனக்கு என்னலே நட்டம்?" என்றார் தண்டல்.

நீ இறைவாளியைக் கீழே வைத்தாய். "எனக்குன்னு கெடச்சது ஒரே ஒரு மச்சான். அவனும் போயிருவான்லா, அண்ணாச்சி."

நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் வேறு யாரும் சிரிக்கவில்லை. தண்டல் வெற்றிலையைத் துப்பிவிட்டு, கயிற்றைத் தூக்கி உன் மடியில் போட்டார்.

எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்கு வந்தது "முருகா!"தான், அதுவும் தொண்டை கிழிய. தண்டல் தெற்கே கையைக் காட்டி, "நல்லாக் கூப்பிடுங்க, செந்தூரு அந்தால இருக்கு, கேக்கும்" என்றார். குதித்தேன். ஆற்றில் நீந்தியவனுக்குக் கடல் வேறு. கண் எரிந்தது, காது அடைத்தது, கல் என்னைக் கீழே கொண்டுபோனது. பச்சை வெளிச்சத்தில் தரை தெரிந்தது. கையை நீட்டினேன். அதற்குள் இடுப்பில் கட்டியிருந்த கயிறு வெடுக்கென்று இழுக்க, சரசரவென்று மேலே வந்துவிட்டேன்.

"என்னாச்சு?" என்றேன்.

"ரொம்ப நேரம் ஆயிட்டே சார்!" உன் முகத்தில் ரத்தமே இல்லை.

மறுபடி போனேன். மறுபடி இழுத்தாய். முங்கின எனக்கு இல்லாத பயம் மேலே உட்கார்ந்த உனக்கு. மூன்றாவது தடவை விரல் நுனி மண்ணைத் தொடப்போகிற நேரம் பார்த்து இழுத்தாயே, எனக்கு வந்தது ஆத்திரம். தண்ணீருக்கு மேலே தலை வந்ததும் கத்தினேன். "ஏலே கூறுகெட்டவனே! மண்ணத் தொட விடுலே!"

அந்த ஊரில் அதுவரை யாரையும் நான் நீ என்றுகூடச் சொன்னதில்லை. நீ வாயைப் பிளந்து பார்த்தாய். பிறகு நீயும் கத்தினாய்.

"சரிலே! போலே! செத்துத் தொலையாதலே!"

வள்ளமே ஆடியது. பையன்கள் பலகையைத் தட்டினார்கள், ஊளையிட்டார்கள். சார் செத்துப்போனான், மச்சான், அந்தத் தண்ணீரிலேயே. அடுத்த முறை கை நிறைய மண்ணோடு வந்தேன். பாதி மண் வழியிலேயே கரைந்துபோனது, மீதியை உன் தலையில்தான் அப்பினேன்.

அதற்கப்புறம் சின்னச் சாமிக்குப் பிரசங்கமே தேவைப்படவில்லை. அடுத்த ஞாயிறு சம்மாட்டி மகன் தன் கயிற்றைச் சங்கு குளிக்கிறவர் மகனிடம் நீட்டி, "இனி நீ எனக்கு மச்சான்லே, பிடி" என்றான். தண்டல் முணுமுணுத்தார், ஆனால் தடுக்கவில்லை. நான் ஊருக்குத் திரும்பவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனபோது, பெண்ணுக்கு அண்ணன் முறை என்று சொல்லி நீ வந்து மேடையில் நின்றாயே! அவளுடைய சொந்த அண்ணன் முழித்த முழி இன்னும் கண்ணில் நிற்கிறது.

உன் மனைவி மட்டும்தான் மசியவில்லை. தெருவே என்னை உன் மச்சான் என்றபோதும் அவளுக்கு நான் சார்தான். "எனக்குக் கூடப்பிறந்தவனுவ மூணு பேரு இருக்கானுவ, இவுக வேற எதுக்கு?" என்று உன்னிடமே சண்டை போடுவாள். நாற்பது வருடத்துக்கும் மேலாக அவள் கையால் மீன் குழம்பு தின்றிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் "இன்னும் கொஞ்சம் ஊத்தவா சார்?" தான். நீ என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய்.

நீ போன அன்று வாசலில் தயங்கி நின்றேன். கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த உபதேசியார் உறவுக்காரர்களை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து மரியாதையாகத்தான் கேட்டார். "சார், நீங்க இறந்தவருக்கு என்ன வேணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து உன் மனைவியின் குரல் வந்தது.

"அவுகள விடுங்க. அது எங்க நாலாவது அண்ணன்."

உன் தலைமாட்டில் போய் நின்றேன். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷமாகவே இருந்தது, அதை உன்னிடம் மறைப்பானேன்? இப்போது ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் திட்டவே ஆரம்பிக்கிறாள். கொடுக்க ஒரு தங்கச்சி இல்லாத நீ, எனக்கு ஒரு தங்கச்சியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.