ஒன்பதாம் பக்கம்

அன்பு மகள் பட்டுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதித்தான் இத்தனை வருஷமும் ஆரம்பித்திருக்கிறேன், இந்தத் தடவை அந்த வரி பேனாவை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. பயப்படாதே, அம்மா எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டரம்மா வாயாலேயே சொன்னார். அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி உட்கார்ந்து படி.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அம்மா தூங்குகிறாள் என்றேனே, அது பொய். அவள் அப்போது இங்கே இரண்டாம் மாடியில் நெஞ்சில் வயர் ஒட்டிக் கிடந்தாள். போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நானும் பூசி மெழுகிவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியும், அதனால்தான் கடிதம். வார்டுக்கு வெளியே வராந்தாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று புதன்கிழமை, மணி ஒன்பதரை. பதினோரு மணிக்கு டாக்டரம்மா அறைக்குள் போய் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன், வாய் வருகிறதா என்று.

அம்மாவின் சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுது என்பது உனக்குத் தெரிந்ததுதான். இந்த ஆஸ்பத்திரியில் புது மாத்திரை ஒன்றை அறுபது பேருக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி நடக்கிறது, அதில் ஓர் இடத்துக்காக எட்டு மாதம் காத்திருந்தோம். அறுபதில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எது என்று கொடுக்கிற நர்ஸுக்கே தெரியாதாம். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன், எந்த வயரில் கரண்ட் ஓடுகிறது என்று தெரியாமல் ஒரு திருகாணியைத் தொட்டதில்லை. நாமே படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று இறங்கினேன். முதலில் உன்னிடம்தான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா, சிறுநீரகம் கெட்டுப்போவதை நிறுத்த முடியாதா, நீ அதைத்தானே அங்கே ஆராய்ச்சி செய்கிறாய், என்னதான் கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்று. நீ ஏதோ வேலையில் இருந்தாய். அதெல்லாம் விடுங்கப்பா, சொன்னா உங்களுக்குப் புரியாது என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய், எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. உன்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவனுக்கா புரியாது என்று வீம்பு வந்துவிட்டது.

பஸ் டிப்போவுக்கு எதிரில் இருக்கும் நூலகத்துக்குத் தினமும் வேலை முடிந்து போனேன். அங்கே நூலகர் அம்மா ரொம்பக் கறார், ஒரு ஆளுக்குக் கம்ப்யூட்டர் அரை மணி நேரம்தான், முப்பத்தோராவது நிமிஷம் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமுவார். ஆனால் சொல்லிக்கொடுப்பதில் கஞ்சத்தனமே கிடையாது. பத்தாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் ஆரம்பிக்கச் சொன்னார், அப்புறம் மருத்துவக் கல்லூரிகள் பொதுமக்களுக்கென்று போட்டிருக்கும் பாடங்கள், அப்புறம் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடும் இடம். விக்கிறவன் சொல்றதை நம்பாதீங்க, தேதியைப் பாருங்க, முக்கியமா எழுதினது யாருன்னு பாருங்க என்று படித்துப் படித்துச் சொன்னார். அப்படித்தான் பார்த்தேன் பட்டு. எழுதினது நீ. ஆறு பேரில் இரண்டாவதாக உன் பெயர். எனக்குக் கை கால் ஓடவில்லை. நூலகர் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், பக்கத்துக் கம்ப்யூட்டரில் வேலை தேடிக்கொண்டிருந்த ஆளிடமும் காட்டினேன், அவர் பாவம், எதற்கோ கை கொடுத்தார்.

முதல் பக்கத்தில் சுருக்கம் மட்டும்தான் திறந்தது, மீதியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுருக்கத்தை அகராதி வைத்துக்கொண்டு நான்கு நாள் படித்தேன். பழுதான சிறுநீரகமுள்ள சுண்டெலிகளுக்கு ஓர் உப்பைத் தண்ணீரில் கலந்து கொடுத்தீர்கள், பழுது குறைந்தது, கூடுதல் அளவில் கூடுதலாகக் குறைந்தது என்று இருந்தது. ஓர் எலிக்கு இவ்வளவு என்று இரண்டு அளவும் இருந்தது. அந்த உப்பு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே டப்பாவில் கிடைக்கிறது. லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று எடை போட்டுப் பழகின கை, பேப்பரை எடுத்தேன். சுண்டெலி இருபது கிராம், அம்மா ஐம்பத்தெட்டு கிலோ. எடைக்கு எடை பெருக்கினேன். பேராசை வேறு, இரண்டு அளவில் பெரியதையே எடுத்தேன். வேலைக்குச் சேருகிற எந்தப் பையனிடமும் முழு மேனுவலையும் படிக்காமல் மோட்டார் அறைக்குள் கால் வைத்தால் காலை உடைப்பேன் என்று சொல்கிறவன் நான்.

ஒரு வார்த்தை உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சரியானதும் சொல்லி உன் வாயை அடைக்கலாம் என்று இருந்தேன், அதுதான் உண்மை. அம்மாவிடம் டாக்டரம்மா கொடுக்கச் சொன்னார் என்று சொல்லி எலுமிச்சைச் சாற்றில் கலந்து பதினோரு நாள் கொடுத்தேன். நாக்கெல்லாம் ஒரு மாதிரி இருக்குது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள். பன்னிரண்டாம் நாள், போன வெள்ளிக்கிழமை, தையற்கடையில் மிஷின் பெடலை மிதிக்கக் கால் வரவில்லை. மரத்துப்போச்சு என்று எழுந்தவள் அப்படியே துணிக்கட்டின் மேல் சாய்ந்துவிட்டாள். ரத்தத்தில் உப்பு எகிறி இதயத் துடிப்பு தாளம் தப்பியிருக்கிறது, இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் என்று ஆம்புலன்ஸ்காரர் சொல்ல ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டாக்டரம்மா என்னிடம் கேட்டார், வேற ஏதாவது பொடி, டானிக், கை வைத்தியம் ஏதும் குடுத்தீங்களா என்று. இல்லை என்றேன். மறுநாளும் கேட்டார், அப்போதும் இல்லை என்றேன். டப்பாவை வீட்டில் என் ஸ்பானர் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு வந்து நின்று இல்லை என்றேன். உன் அத்தை தினமும் வந்து அண்ணன் நல்லா கவனிக்கிறதாலதான் அண்ணி பொழைச்சாங்க என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள், அவள் வாய்க்குக் கதவு போட என்னால்கூட முடியாது, ஒவ்வொரு தடவையும் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருக்கிறது. காரணம் தெரியாததால் சிறுநீரகமே திடீரென்று மோசமாகிவிட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நேற்று ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் படிவம் கொண்டுவந்தார். ரத்தம் சீராகிவிட்டால் வெள்ளிக்கிழமையே அம்மாவைச் சேர்த்துக்கொள்வார்களாம், இதுதான் கடைசி வாரமாம். ஏழாவது கேள்வி, மூன்று மாதத்துக்குள் இன்னின்னது சாப்பிட்டதுண்டா என்று. பட்டியலில் அந்த உப்பும் இருக்கிறது. இல்லை என்று நான் எழுத, அம்மா என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டாள். என் பெண்ணும் இதே துறைதான் என்று நான் பீற்றிக்கொள்ள, அந்த நர்ஸ் நல்ல மனசோடு உன் கட்டுரை முழுவதையும் ஆஸ்பத்திரிக் கணக்கில் எடுத்து அச்சடித்துக் கொடுத்தார். இதைத் தேடியா அலைஞ்சீங்க, எழுதினவங்களைக் கேட்டா அவங்களே முழுசா அனுப்பிடுவாங்களே என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்று காலை ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்து படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. பெரிய அளவு கொடுத்த எட்டுச் சுண்டெலிகளில் மூன்று இதயம் நின்று செத்தன. எலிக்குக் கொடுத்த அளவை எடைக்கு எடை மனிதருக்குப் பெருக்கக் கூடாது. இரண்டும் அடுத்தடுத்த வரி. நான் அம்மாவுக்குக் கொடுத்தது அந்த அளவுதான் பட்டு. அதைப் படித்த பிறகு அந்தப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு இருக்க முடியவில்லை, நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இப்போது விஷயம் இதுதான். ஏழாவது கேள்விக்கு உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு இடம் போய்விடும். சொல்லாவிட்டால் என்ன ஏறியிருக்கிறது என்று தெரியாத உடம்பில் தெரியாத மாத்திரை போகும், மீதி ஐம்பத்தொன்பது பேரின் கணக்கும் தப்பாகும். எட்டு மாதம் காத்திருந்த இடத்தை என் கையாலேயே தட்டிவிட வேண்டும். மணி பத்து ஐம்பது. போய்விட்டு வருகிறேன்.

மணி ஒன்றே முக்கால். சொல்லிவிட்டேன். டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன், திட்டியிருந்தால் தேவலை. எத்தனை நாள், எத்தனை கரண்டி, எத்தனை வேளை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். முதல் நாளே சொல்லியிருந்தா இவங்களுக்கு ரெண்டு நாள் அவஸ்தை மிச்சமாயிருக்கும் என்றார், அவ்வளவுதான். சிறுநீரகம் மோசமாகிவிட்டது என்று எழுதியிருந்ததை அடித்தார். உப்பு முழுக்க வடிந்தால் பழைய நிலைக்கே வர வாய்ப்பிருக்கிறதாம், ஒரு மாதம் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும், உறுதியாக இப்போது சொல்ல முடியாதாம். ஆராய்ச்சியில் இடம் போய்விட்டது. நான் அந்த அறையில் இருக்கும்போதே நர்ஸ் அடுத்த ஆளுக்குப் போன் போட்டார், யாரோ ஒரு பஸ் டிரைவராம். அந்தப் பக்கம் சந்தோஷத்தில் அவர் கத்தினது எனக்கே கேட்டது. அவராவது நன்றாக இருக்கட்டும்.

அதைவிடக் கஷ்டம் அம்மாவிடம் சொன்னது. கட்டில் ஓரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னேன், உன் கட்டுரை, என் வீம்பு, டப்பா, படிவம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். இடம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டாக்டரம்மா சொன்னாங்கன்னு எதுக்குச் சொன்னீங்க, நீங்களே குடுக்குறீங்கன்னு சொல்லியிருந்தாலும் நான் குடிச்சிருப்பேனே என்றாள். பிறகு, அவகிட்ட சொல்லாதீங்க, அவ எழுதினதாலதான்னு புள்ள உடைஞ்சு போயிடுவா என்றாள். அந்த ஒன்றில் மட்டும் அவள் பேச்சை மீறுகிறேன், மறைத்து மறைத்துத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

அதனால் கேள். உன் மேல் தப்பில்லை, நீ எழுத வேண்டியதை எழுதியிருக்கிறாய், வேலையை விடுகிறேன் அது இது என்று கிளம்பாதே. ஆனால் அப்பாவாக இல்லாமல் மெக்கானிக்காக ஒன்று சொல்கிறேன். பலன் முதல் பக்கத்தில் திறந்து கிடக்கிறது, சாவு ஒன்பதாம் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிறது. எங்கள் தொழிலில் ஆபத்து என்று கதவிலேயே எழுதி ஒட்டுவோம், மோட்டார் அறைக்குள் கொண்டுபோய் ஒட்டுவதில்லை. உங்கள் பெரியவர்களிடம் சொல்லிப் பார். என்னைப் போல வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு நூலகத்தில் அரை மணி நேரம் வாங்கித் தேடுகிறவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள், அவர்கள் எல்லோருக்கும் முதல் பக்கம்தான் கிடைக்கும்.

வேளைக்குச் சாப்பிடு, ஆய்வுக்கூடத்திலேயே கிடக்காதே. அம்மாவும் நானும் உன்னை மனதார ஆசீர்வதிக்கிறோம், நீ தொட்டது துலங்கட்டும். கடிதம் கிடைத்ததும் அம்மாவை மட்டும் கூப்பிடு, அவள் போனை அவள் தலையணைக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன். என்னோடு பேச உனக்கு மனசு வர நாள் ஆகும், ஆகட்டும். உன் கட்டுரையில் புரியாத இடங்கள் பதினான்கு, நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். நீ பேசும் அன்றைக்கு ஒவ்வொன்றாகக் கேட்பேன், எனக்குப் புரிகிறவரைக்கும் நீ சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா