மூச்சு விடாத பாட்டு

தவளக்குப்பம் ஜங்ஷனில் டீ சொல்லிவிட்டு நின்றபோது போன் அதிர்ந்தது. உன் மனைவி மரி ஒரு பாட்டை அனுப்பியிருந்தாள். "இவரு பாடினது. யாரும் கேட்டதில்ல. ஆல்பத்தோட கடைசியில சேத்துடலாமா அண்ணா?" என்று கீழே எழுதியிருந்தாள். கிடப்பில் கிடந்த நம் ஆல்பத்தை, நீ செத்துப்போன பிறகு, இந்த வருஷம்தான் வெளியே கொண்டுவருகிறோம். பாட்டைக் கேட்டேன். உன் குரல்தான். ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

காரணம் உனக்குத் தெரியும். லாஸ்பேட்டையில் உன் வீட்டு மாடி அறையில் நாம் பதிவு செய்த அந்தக் கோடையை நினைத்துப்பார். சுவரெல்லாம் நார் மெத்தை, ஜன்னலில் பழைய போர்வை, சத்தம் விழுமென்று மின்விசிறிகூடப் போட விடமாட்டாய். துணி காயவைக்கும் ஸ்டாண்டில் மைக்கைக் கட்டியிருந்தாய். நீ கிடார், நான் பேஸ் கிடார். ரூட்ஸ் ராக் என்று வெள்ளைக்காரப் பாணியின் பெயரைச் சொல்லிக்கொண்டாலும் உன் மெட்டுகளில் காலாப்பட்டில் வலை இழுக்கிறவர்களின் பாட்டு கலந்தே இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நீ மூச்சை இழுப்பது மைக்கில் அப்படியே விழும். அதைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்றேன். "மூச்சு விடாம பாடறவன நம்பாதடா" என்று மவுஸை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாய்.

மரி அனுப்பிய பாட்டில் ஒரு மூச்சுகூட இல்லை.

திரும்பத் திரும்பக் கேட்டேன். வரி முடிகிறது, துடைத்துவிட்டாற்போல ஒரு மௌனம், அடுத்த வரி. செத்தவர்களின் குரலில் கம்ப்யூட்டரே பாடும் காலம் இது. மரியின் தம்பிக்கு அந்த வேலையெல்லாம் அத்துப்படி. உன்னை அடக்கம் செய்த வாரமே அவன் உன் பழைய பதிவுகளையெல்லாம் என்னிடம் கேட்டு வாங்கிப் போனான். அன்று அது பாசமாகப் பட்டது. இப்போது வேறு மாதிரிப் பட்டது. மரியும் தெரிந்துதான் செய்கிறாளோ என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவள் வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போனேன். காபி கொடுத்தாள். எங்கே பதிவு செய்தது, எந்த மைக் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். முதலில் மாடி அறை என்றாள், கொஞ்சம் பொறுத்து கார் என்றாள். என் சந்தேகம் முற்றிவிட்டது. நேராகவே கேட்டேன்.

"இது அவன் பாடினதுதானா, மரி?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அவருதான். கடைசியில மாடி ஏற முடியல. அத உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. கார் கண்ணாடிய ஏத்திட்டு உள்ள உக்காந்து பாடுனாரு. ஒவ்வொரு வரிக்கும் எப்படி மூச்சு வாங்குச்சு தெரியுமாண்ணா? என்னால கேக்க முடியல. நான்தான் தம்பிகிட்ட சொல்லி வெட்டிட்டேன்."

வெட்டாததைப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். வரிக்கும் வரிக்கும் நடுவே நீ பட்ட பாடு, பாடியதைவிட நீளம். முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வெட்டியதே ஆல்பத்தில் போகட்டும் என்று மரியிடம் சொல்லிவிட்டேன். நீ கோபித்துக்கொள்வாய். பரவாயில்லை.

ஆனால் உன்மேல் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. உன் கடைசி மாதங்களில் நான் போன் செய்தபோதெல்லாம் "சும்மா சளிடா, மழை விட்டதும் வாசிக்கலாம்" என்பாய். அவ்வளவுதான், வைத்துவிடுவாய். அந்த ஒரு வாக்கியத்துக்காக எவ்வளவு நேரம் மூச்சைச் சேர்த்துவைத்துக்கொண்டு போனை எடுத்தாய்? இப்போதெல்லாம் யார் போனில் நல்லா இருக்கேன் என்றாலும் நான் உடனே வைப்பதில்லை. இரண்டாவது வாக்கியம் வரட்டும் என்று காத்திருக்கிறேன்.