சாட்சிக்கு ஏழு பிள்ளைகள்

மார்ச் 3, ஞாயிறு
எனக்கு நாடகத்தில் வேஷம் கிடைத்துவிட்டது! கதாநாயகன் இல்லை, வில்லன். கருத்தடை பற்றித் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காக ஒரு நர்ஸ் மீது வழக்கு. அவளை உள்ளே தள்ளத் துடிக்கும் அரசு வக்கீல் நான். எழுதி இயக்குபவர் என் மூத்த மகளின் கணக்கு வாத்தியார். "பஸ் ஸ்டாண்ட் மைக்ல நீங்க பேசினா தூங்கறவன்கூட எழுந்து பஸ் ஏறிடறான் சார். அந்தக் குரல்தான் வேணும்" என்றார். தலைகால் புரியவில்லை.

மார்ச் 5, செவ்வாய்
வீட்டில் ஒத்திகை. என் மனைவி துணி மடித்தபடி நர்ஸின் வசனங்களைப் படித்தாள். "குழந்தை வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு என்ன உரிமை?" என்று முழங்கினேன்.
"ஏங்க, இதுக்கு ஒத்திகையே வேண்டாமே. போன வாரம் என்கிட்ட இதையேதான் சொன்னீங்க."
சிரித்துவிட்டேன். ஆனால் — நான் அப்படியா சொன்னேன்? நாலாவதாக ஒன்று இருந்தால் வீடு கலகலப்பாக இருக்கும் என்றுதானே சொன்னேன்? ஆறு பேரோடு பிறந்தவன், ஆசை இருக்காதா?

மார்ச் 10, ஞாயிறு
மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு இவள் ஒத்திகை பார்க்க வந்தாள். முடிந்ததும் வாத்தியாரிடம், "சார், கேஸ் பூரா பிள்ளை பெத்தவளைப் பத்தித்தான். அவளை மட்டும் யாருமே கூண்டுல ஏத்தலையே?" என்று கேட்டாள். வாத்தியார், கரும்பலகையில் விடையைத் தப்பாக எழுதிவிட்டவர்போல் விழித்தார்.

மார்ச் 13, புதன்
புதுக் காட்சி வந்துவிட்டது. ஏழு பிள்ளை பெற்ற சாட்சி. நடிப்பது இவளேதான். குறுக்கு விசாரணை செய்வது நான். போச்சுடா.

ஏப்ரல் 6, சனி
அரங்கேற்றம். உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள்.
"குழந்தைகள் உங்களுக்குப் பாரமா, அம்மா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா" என்பதுதான் வசனம். இவள் நீதிபதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
"பாரம் இல்லீங்க. மூணு பேருமே என் உயிர். ஆனா நாலாவது வேணுமான்னு யாராவது என்னைக் கேட்டாங்களா?"
நீதிபதியாக நடித்த மருந்துக்கடைக்காரர் பதறிப்போய், "சாட்சிக்கு... ஏழு பிள்ளைகள் அல்லவா?" என்றார். அரங்கமே குலுங்கிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்தச் சாட்சியை நம்ப முடியாது" என்று நான் கர்ஜிக்க வேண்டிய இடம்.
"வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டேன்.
கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

ஏப்ரல் 7, ஞாயிறு
"அதை ஏன் மேடையில வெச்சுக் கேட்டே?"
"வீட்டுல கேட்டா சிரிச்சுட்டு நழுவிடறீங்க. அங்க எங்க நழுவுவீங்க?"
பிறகு அவளே சொன்னாள்: ஒவ்வொரு பிரசவத்துக்கும் லேப் வேலையை விட்டவளை இப்போது திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள், இந்த முறை விடுவதாக இல்லை.
"விடாதே" என்றேன். தாமதமாகத்தான் சொன்னேன். ஆனாலும் சொன்னேன்.

ஏப்ரல் 22, திங்கள்
ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கருத்தடை ஆபரேஷனுக்கான படிவத்தை இவளிடம் நீட்டினார். "அவளுக்கு இல்லைங்க, எனக்கு" என்று நான் வாங்கிக்கொண்டேன். இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஏப்ரல் 26, வெள்ளி
நேற்றே முடிந்தது. கால் மணி நேர வேலை. சில நாள் கனமாக எதையும் தூக்கக்கூடாதாம். இவள் வெள்ளைக் கோட்டைப் பையில் வைத்துக்கொண்டு லேப்புக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "எதையும் தூக்கிடாதீங்க" என்று மூன்று முறை சொன்னாள். அவள் தலை மறைந்ததும் கடைக்குட்டி என்னிடம் கையை நீட்டியது.
நான் தரையில் உட்கார்ந்தேன். அதுவே மடியில் ஏறிக்கொண்டது.